இரண்டு அவுன்ஸுக்கு அப்பால்: ஜமைக்காவின் கஞ்சாச் சட்டமும் சுற்றுலாப் பயணியும்

ஜமைக்காவில் கஞ்சாவுக்குத் தடையே இல்லை என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாப் மார்லியின் படங்களையும், சிவப்பு மஞ்சள் பச்சைத் தொப்பிகளையும், கஞ்சா இலை அச்சிட்ட பனியன்களையும் விற்கும் கடைகள் அந்த நம்பிக்கையை நாள்தோறும் வளர்க்கின்றன. 2015இல் அங்கே சட்டம் திருத்தப்பட்ட பிறகு 'ஜமைக்கா கஞ்சாவை அனுமதித்துவிட்டது' என்ற பேச்சு இன்னும் பரவியது. உண்மை வேறு. அனுமதிச் சீட்டோ மத விலக்கோ இல்லாமல் கஞ்சா வைத்திருப்பது அந்தத் தீவில் இன்றும் சட்டமீறல்தான். குறைந்தது தண்டனை, அதுவும் சிறிதளவு வைத்திருப்பவருக்கு மட்டும். உரிமம் இல்லாமல் விற்பவருக்கு எதுவும் குறையவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் போகிற பயணி தனக்கு ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். அதைவிடப் பெரிய ஆபத்தைத் தனக்கு விற்கிற ஏழை ஜமைக்கரின் தலையில் ஏற்றிவிட்டு ஊர் திரும்புகிறார். இந்தக் கட்டுரையின் கவலை பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆபத்தைப் பற்றியது.

சட்டத்தின் வாசகத்திலிருந்தே தொடங்கலாம். ஆபத்தான போதைப்பொருள்கள் (திருத்த) சட்டம் 2015 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஏப்ரல் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 56 கிராம் வரை கஞ்சா வைத்திருப்பவரைக் கைது செய்ய முடியாது. காவலர் ஓர் அபராதச் சீட்டு எழுதிக் கொடுப்பார். போக்குவரத்து விதியை மீறினால் கொடுக்கிற சீட்டைப் போன்றதுதான் இதுவும். தொகை 500 ஜமைக்க டாலர். அமெரிக்கப் பணத்தில் மூன்று, நான்கு டாலருக்கு மேல் வராது. முப்பது நாளைக்குள் ஏதாவதொரு வரி அலுவலகத்தில் கட்டிவிட்டால் விவகாரம் முடிந்தது; குற்றப்பதிவு எதுவும் ஏறாது. கட்டாமல் விட்டால் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அங்கே சமூகப்பணி உத்தரவோ 2,000 ஜமைக்க டாலர் அபராதமோ கிடைக்கும். அந்தத் தீர்ப்பு குற்றப்பதிவிலும் இடம்பெறும். ஒரு வாரத்துக்கு வந்த பயணி சீட்டைப் பையில் திணித்துக்கொண்டு விமானம் ஏறிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. அப்படி ஏறினால், மூன்று டாலர் கடன் ஒரு குற்றப்பதிவாக மாறுவதற்கு வழி விட்டுப் போகிறார். சீட்டு வாங்கினாலும் கையிலிருந்த கஞ்சா திரும்பக் கிடைக்காது; காவலர் பறிமுதல் செய்துவிடலாம்.

இரண்டு அவுன்ஸைத் தாண்டினால் பழைய சட்டம் அப்படியே நிற்கிறது. கைது, வழக்கு, சிறை எல்லாம் சாத்தியம். பொது இடத்தில் புகைப்பதும் தடைதான். சிகரெட்டுக்கு 2013இல் வந்த கட்டுப்பாடுகளின் வழியிலேயே இதற்கும் பொது இடத்திலும் அதைச் சுற்றி ஐந்து மீட்டருக்குள்ளும் புகைக்கக்கூடாது என்று விதி வகுத்திருக்கிறார்கள். தனியார் வீட்டில், வீட்டுக்காரர் சம்மதித்தால் புகைக்கலாம். விடுதி என்பது வியாபார இடம். அறைக்கு வாடகை கொடுத்துவிட்டதால் பால்கனி நம் வீடாகிவிடாது. விடுதி நிர்வாகம் என்ன விதி வைத்திருக்கிறது என்று வரவேற்பு மேசையில் கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டியதில்லை. அங்கே தினமும் கேட்கப்படும் கேள்வி அது.

நேர்வழி ஒன்றும் சட்டத்தில் உண்டு. வெளிநாட்டில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியோ, மருத்துவத் தேவை உண்டென்று தாமே உறுதிமொழி எழுதிக் கொடுத்தோ, தங்கியிருக்கும் காலத்துக்கு இரண்டு அவுன்ஸ் வரை வாங்க வெளிநாட்டவர் அனுமதி பெறலாம். இதற்காகவே அதே ஆண்டில் கஞ்சா உரிம ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் உரிமம் பெற்ற கடைகளை அங்கே 'ஹெர்ப் ஹவுஸ்' என்கிறார்கள். முதலாவது கடை 2018 மார்ச்சில் செயின்ட் ஆன் மாவட்டத்தின் டிராக்ஸ் ஹாலில் திறந்தது. இத்தகைய கடைக்குள் நுழைந்தால் முதலில் வயதுக்குச் சான்று கேட்பார்கள்; பதினெட்டு நிரம்பாதவருக்கு இடமில்லை. மருத்துவரிடம் சில நிமிடம் பேசி அவர் சம்மதம் எழுதிய பிறகே பொருள் கைக்கு வரும். பொட்டலத்தில் எடை இருக்கும், போதை தரும் சேர்மமான டிஎச்சி எவ்வளவு என்ற அளவு இருக்கும். அங்கேயே அமர்ந்து புகைக்க உரிமம் பெற்ற கடைகளும் உண்டு. இந்த மருத்துவச் சடங்கைப் பலர் வெறும் ஒப்புக்கு என்று நினைக்கிறார்கள். இதய நோயோ மனநோயோ உள்ளவருக்கு அந்தச் சில நிமிடப் பேச்சுதான் ஒரே தடுப்பு. அதில் பொய் சொல்லாமலிருப்பது நல்லது.

முழுத் தடைநீக்கத்துக்கு ஜமைக்கா ஏன் போகவில்லை? 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கையில் அது இணைந்த நாடு. மருத்துவம், ஆய்வு ஆகியவற்றுக்கு மட்டுமே அந்த உடன்படிக்கை இடம் தருகிறது. சிறிய நாடு, வங்கித் தொடர்புக்கும் கடனுக்கும் சுற்றுலாவுக்கும் அமெரிக்காவை நம்பியிருக்கிறது. பெரிய நாடுகளைப்போல் உடன்படிக்கையைக் கண்டுகொள்ளாமல் விட அதனால் முடியாது. அதனால்தான் மருத்துவம், மதம், சிறிதளவு சொந்த உபயோகம் என்ற மூன்று சன்னல்களை மட்டும் திறந்துவைத்து, கதவை மூடியே வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சன்னல்களைத் திறக்க ஜமைக்கர்கள் கொடுத்த விலை பயணிகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த வரலாறு நம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 1845 மே 10 அன்று 'பிளண்டெல்' என்ற கப்பல் 261 இந்தியர்களோடு ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் நங்கூரமிட்டது. அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1917 வரை ஏறக்குறைய 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். தொடக்க ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. எனினும் மிகப் பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதியினர். கஞ்சாவும் சிலும்பியும் இவர்களோடுதான் அந்தத் தீவுக்குள் பரவின என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. ஜமைக்கச் சட்டமே இன்றும் அந்தச் செடியைக் கஞ்சா என்றுதான் குறிப்பிடுகிறது. கூலி லயன்களிலிருந்து அது ஆப்பிரிக்க வம்சாவளி ஏழைகளிடம் போய்ச் சேர்ந்தது. புகையாக மட்டும் போகவில்லை. காய்ச்சலுக்குக் கஞ்சா இலைத் தேநீர், மூட்டுவலிக்கு ரம்மில் ஊறவைத்த தைலம் என்று பாட்டி வைத்தியமாகவும் போனது. புகைக்கிறவனைக் கண்டால் முகம் சுளிக்கிற தேவாலயக் கிழவிகளின் வீட்டிலும் அந்தப் புட்டி இருந்தது.

1913இல் கஞ்சாச் சட்டம் வந்தது. கிழக்கிந்தியக் கூலிகளும் கறுப்பினத் தொழிலாளரும் புகைத்துவிட்டு வேலைக்கு வரமாட்டார்கள், கலகம் செய்வார்கள் என்ற தோட்ட முதலாளிகளின் அச்சமும் சுவிசேஷ சபைகளின் வற்புறுத்தலும் அதற்குப் பின்னால் இருந்தன. சட்டம் ஒரு செடியைத் தடை செய்ததாகத் தோன்றினாலும் அது குறிவைத்தது மனிதர்களை என்பதே என் துணிபு. அடுத்தடுத்து வந்த திருத்தங்கள் யார்மீது பாய்ந்தன என்று பார்த்தால் இதில் ஐயம் வராது.

லியனார்டு ஹவல் என்பவர் 1930களின் தொடக்கத்தில் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைக் கடவுளாகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். ரஸ்தாஃபாரி இயக்கத்தின் முதல் போதகர்களில் அவர் முதன்மையானவர். ஜி.ஜி. மராஹ் என்ற, இந்தியச் சாயல் தெரியும் புனைபெயரில் எழுதியவர். 1940இல் செயின்ட் கேத்தரின் மாவட்டத்தின் மலையில் 'பினக்கிள்' என்ற குடியிருப்பை நிறுவினார். பல நூறு குடும்பங்கள் அங்கே பயிரிட்டு வாழ்ந்தன. கஞ்சாவும் அவர்கள் பயிர்களில் ஒன்று. போலீஸ் திரும்பத் திரும்பப் புகுந்து 1954இல் அந்தக் குடியிருப்பை அழித்தது. வீடிழந்தவர்கள் கிங்ஸ்டன் சேரிகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதைவிடக் கொடியது 1963 ஏப்ரலில் நடந்தது. மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில், நிலத் தகராறு ஒன்றிலிருந்து எழுந்த மோதலில் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் காவலர்களும் உண்டு. அதையடுத்து அந்த வட்டாரம் முழுவதும் ரஸ்தாக்கள் வேட்டையாடப்பட்டார்கள். சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களைப் பிடித்து அடித்தார்கள், சடையை அறுத்தார்கள், சிறையில் தள்ளினார்கள். ஒருவர் தலையில் சடை இருப்பதே போதுமான சாட்சியாகிவிட்டது. கஞ்சாச் சட்டம் கையில் இருந்ததால் குற்றம் தேடுவதும் எளிதாயிற்று. அரசு சார்பில் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2017இல். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து. இன்று அதே மான்டிகோ பேயில் விமானம் இறங்குகிற பயணி, அதே கடற்கரையோரச் சாலையில்தான் விடுதிக்குப் போகிறார்.

அறிவியல் பக்கத்திலும் ஜமைக்காவுக்குத் தனி இடம் உண்டு. வேரா ரூபின், லாம்ப்ரோஸ் கோமிடாஸ் என்ற மானுடவியலாளர்களின் தலைமையில், நெடுங்காலமாகப் புகைத்த 30 உழைப்பாளிகளையும் புகைக்காத 30 பேரையும் மருத்துவமனையில் வைத்துப் பரிசோதித்த ஆய்வு 1975இல் நூலாக வந்தது. இரு தரப்புக்கும் இடையே பெரிய உடல், மன வேறுபாடு தென்படவில்லை என்றது அது. அறுபது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயினும் 'கஞ்சா புகைத்தால் சோம்பேறியாவான்' என்ற பழைய தோட்ட முதலாளியின் வாதத்துக்கு அது முதல் அடி. கிங்ஸ்டனில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேன்லி வெஸ்ட், கண் மருத்துவர் ஆல்பர்ட் லாக்ஹார்ட் இருவரும் கஞ்சாவிலிருந்து கண்ணழுத்த நோய்க்கான 'கனசால்' சொட்டுமருந்தை உருவாக்கினார்கள். மருந்து தயாரித்த அதே தீவில், செடியை வளர்த்தவன் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

2001இல் பேராசிரியர் பேரி செவான்ஸ் தலைமையிலான தேசியக் கஞ்சா ஆணைக்குழு, பெரியவர்கள் தனியிடத்தில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது. பரிந்துரை பதினான்கு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. அசைவு வந்தது 2014இல். நீதி அமைச்சர் மார்க் கோல்டிங் அந்த ஆண்டு ஜூனில் சீர்திருத்தத்தை அறிவித்தார். ஆகஸ்டில் மான்டிகோ பேயில் ஒரு கட்டடத் தொழிலாளி ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டுக்காகக் கைதாகி, காவலில் கொடூரமாகத் தாக்கப்பட்டு, சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். முப்பத்தொரு வயது. நாடு கொதித்தது. பழைய சிறு கஞ்சாத் தண்டனைகளைக் குற்றப்பதிவிலிருந்து அழிக்கும் சட்டம் அந்த ஆண்டே வந்தது; அடுத்த ஆண்டு 500 டாலர் சீட்டு வந்தது. கடற்கரையில் ஒரு பயணி இன்று அச்சமின்றிச் சுருட்டைப் பற்றவைக்கிறார் என்றால், அந்த அச்சமின்மை இப்படி வந்து சேர்ந்தது.

ஆகவே நாகரிகம் என்று பேசும்போது நான் முதலில் ரஸ்தாக்களைத்தான் நினைக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தங்களை ரஸ்தாஃபாரி என்று பதிந்தவர்கள் சுமார் 29,000 பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர். சுற்றுலா விளம்பரத்திலோ தீவே அவர்களால் நிறைந்தது போல் இருக்கும். அவர்களுக்குக் கஞ்சா ஒரு பூசைப் பொருள். வேதாகமத்தின் ஆதியாகமத்திலும் சங்கீதங்களிலும் வரும் பூண்டுகளைப் பற்றிய வசனங்களை ஆதாரமாகக் காட்டுவார்கள். கூடியமர்ந்து இறைவனையும் நாட்டு நடப்பையும் விவாதிக்கும் அமர்வுக்கு 'ரீசனிங்' என்று பெயர். அதில் சுற்றி வருவது 'சாலிஸ்' என்ற குடுக்கை. தேங்காய்ச் சிரட்டையோ சுரைக்குடுக்கையோதான் உடல், உள்ளே தண்ணீர். மேலே 'குச்சி' என்று அவர்கள் அழைக்கும் சுட்ட மண் கிண்ணம். கங்கு உள்ளே விழாமலிருக்கக் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு கல். பக்கவாட்டில் உறிஞ்சும் குழாய். நம் ஊர்ச் சாமியார்களின் சிலும்பியையும் ஹூக்காவையும் கண்டவருக்கு இது அந்நியமாகத் தெரியாது. பற்றவைக்கும் முன் ஜபம் உண்டு. அப்போது ஆண்கள் தலையணியைக் கழற்றுவார்கள். 'நியாபிங்கி' என்ற வழிபாட்டுக் கூட்டங்களில் பெண்கள் தலையை மூடி, பாவாடை உடுத்திருக்கவேண்டும் என்பது வழக்கம்.

இத்தகைய அமர்வுக்கு ஒரு விருந்தாளி அழைக்கப்பட்டால், கோயிலுக்குள் போகிறவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி நடந்துகொள்ளலாம். குடுக்கையை மறுத்தால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கையை நெஞ்சில் வைத்து மறுத்தால் போதும். கேட்காமல் படம் எடுப்பதும், ஒருவருடைய சடையைத் தொட்டுப் பார்ப்பதும் மன்னிக்க முடியாத அவமரியாதை. அறுக்கப்பட்ட சடைகளின் நினைவு அங்கே இன்னும் ஆறவில்லை. மதுவோடு போகக்கூடாது. 'போபோ அஷாந்தி' என்ற பிரிவினர் கஞ்சாவைப் பொது இடத்தில் புகைப்பதே இல்லை, வழிபாட்டுக்கு மட்டும். ரஸ்தாவாக இருந்தும் புகையைத் தொடாதவர்கள் உண்டு. சடை வைத்த யாரைக் கண்டாலும் 'சரக்கு இருக்கிறதா' என்று கேட்கிற பயணி, அந்த மனிதரின் மதத்தையே கள்ளச்சந்தையாகக் கருதுகிறார். இதைவிடக் கூசச் செய்யும் கேள்வி வேறில்லை. சட்டம் ரஸ்தாக்களுக்கு வழிபாட்டிடங்களில் தந்திருக்கும் விலக்கு, அவர்களோடு நிற்கும் வெளிநாட்டவருக்குத் தானாகத் தொற்றிக்கொள்ளாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளவேண்டும்.

மற்ற ஜமைக்கர்கள்? பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், தெருவுக்குத் தெரு தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளுடையில் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் கஞ்சாப் புகையை விரும்புவதில்லை. பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில், பேருந்து நிறுத்தத்தில், சாப்பாட்டுக் கடையில் பற்றவைப்பது சட்டப்படியும் தவறு, ஊர் வழக்கப்படியும் தவறு. முன்பின் தெரியாதவரிடமும் எதைக் கேட்பதற்கு முன்னும் காலை வணக்கம், மாலை வணக்கம் சொல்வது அங்கே கட்டாயமான மரியாதை. சொல்லாதவரை வளர்ப்புச் சரியில்லாதவர் என்றே எடைபோடுவார்கள்.

உடல் பாதுகாப்பு விஷயத்தில் நான் அதிகம் அஞ்சுவது புகையைவிடத் தின்பண்டத்துக்கு. தீவின் மேற்குக் கோடியிலுள்ள நெக்ரில் கடற்கரையில் கேக், பிரௌனி என்று கைப்பையில் வைத்து விற்பார்கள். புகைத்தால் சில நிமிடத்தில் போதை தெரிந்துவிடும். போதும் என்று நிறுத்தலாம். தின்றால் அரைமணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. கல்லீரல் டிஎச்சியை இன்னும் வீரியமான வேறொரு சேர்மமாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. ஏறிய பிறகு ஆறு, எட்டு மணி நேரம் இறங்காது. 2014 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்கு வந்த 19 வயது மாணவர் ஒருவர், சட்டபூர்வக் கடையில் வாங்கிய பிஸ்கட்டில் ஒரு துண்டு தின்றார். அரைமணி, ஒரு மணி ஆகியும் ஒன்றும் ஆகவில்லை என்று மீதி முழுவதையும் தின்றார். அதில் மொத்தம் 65 மில்லிகிராம் டிஎச்சி; அந்த மாநிலத்தின் கணக்கில் ஒரு வேளைக்கு 10. சில மணி நேரத்தில் நான்காம் மாடி பால்கனியிலிருந்து குதித்து இறந்தார். உறையில் அளவு அச்சிட்டிருந்தும், கடைக்காரர் எச்சரித்திருந்தும் நடந்தது அது. நெக்ரில் கேக்கில் எந்த அளவும் எழுதியிருக்காது. மணற்கரையைத் தாண்டிய நெக்ரிலின் 'வெஸ்ட் எண்ட்' பகுதியில் செங்குத்தான பாறை, கீழே கடல்.

செடியும் முன்பு இருந்த செடி அல்ல. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்த டிஎச்சி, 2021இல் 15 சதவீதத்தைத் தாண்டியது. இருபது வருடத்துக்கு முன் கல்லூரி நாளில் பழகியதை வைத்து 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். தெருச் சுருட்டில் பெரும்பாலும் 'கிராபா' என்ற காட்டமான புகையிலை கலந்திருக்கும். சிகரெட் பழக்கமில்லாதவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது பல நேரம் அதனால்தான். அங்குள்ள வெள்ளை ரம் 63 சதவீத ஆல்கஹால். அதையும் இதையும் வெயிலையும் ஒன்று சேர்த்துவிட்டுக் கடலில் இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. இதயப் படபடப்பு உள்ளவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. பதற்றம் வந்தால் அமைதியான அறை, தண்ணீர், கூட ஒரு ஆள். நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டால் ஆம்புலன்ஸுக்கு 110, போலீசுக்கு 119. வண்டி ஓட்டக்கூடாது. சிவப்பு எண்பலகை உள்ள உரிமம் பெற்ற டாக்சியில் போவது மேல்.

தீவை விட்டுக் கிளம்பும் நேரந்தான் சட்டம் மிகக் கடுமையாக இருக்கும் நேரம். ஒரு கிராம் என்றாலும் விமான நிலையத்திலோ கப்பல் துறையிலோ அது ஏற்றுமதி. உள்ளே செல்லுபடியான அனுமதிச் சீட்டு, வாங்கிய ரசீது, எதுவும் அங்கே உதவாது. கப்பல் பயணிகள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். காலையில் ஒரு தீவு, மறுநாள் இன்னொன்று என்று போகும்போது எல்லாம் ஒரே கரீபியன் என்று தோன்றும். ஆனால் ஆன்டிகுவாவில் குற்றநீக்க அளவு 15 கிராம், டிரினிடாடில் 30. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2023 முதல் பெரியவர்களுக்குத் தடை இல்லை, ஆனால் கடலிலும் விமானத்திலும் வாஷிங்டனின் தடைச் சட்டம் செல்லும். கப்பல் நிறுவனங்கள் தம் கப்பலில் எதையும் அனுமதிப்பதில்லை.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். நம்மவர்களில் ஜமைக்காவுக்கு விடுமுறை போகிறவர்கள் பலர் அமெரிக்காவில் வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள். அமெரிக்கக் குடிவரவுச் சட்டப்படி, குடிமகன் அல்லாத ஒருவர் எந்த நாட்டின் போதைப்பொருள் சட்டத்தையும் மீறியதாக வாயால் ஒப்புக்கொண்டாலே நுழைவை மறுக்கலாம். தண்டனை பெற்றிருக்க வேண்டியதில்லை. ஜமைக்காவில் அது வெறும் சீட்டுத்தான் என்ற வாதம் மயாமி கவுன்டரில் எடுபடும் என்று எதிர்பார்க்க முடியாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் உள்நாட்டில் உட்கொண்டதாகவே அந்நாட்டுச் சட்டம் கருதும். பத்து ஆண்டு வரை சிறை, 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். உட்கொண்டதன் தடயம் சிறுநீரில் பல நாள், தொடர்ந்து புகைப்பவரிடம் வாரக்கணக்கில் இருக்கும். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும், நாட்டுக்கு வெளியே உள்ள இந்தியக் குடிமக்களுக்கும் தான் பொருந்தும் என்றே சொல்கிறது. கிளம்பும் முன் பெட்டியை, சட்டைப் பைகளை, பிள்ளைகளின் பை உட்பட எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். யார் கொடுக்கும் பொட்டலத்தையும் 'அங்கே என் சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொள்வார்' என்று சொன்னாலும் ஏற்கக்கூடாது.

இனி விற்பவரிடம் வருகிறேன். 2019இல் ஜமைக்காவுக்கு வந்த பயணிகள் சுமார் 43 லட்சம். நாட்டின் மக்கள்தொகை முப்பது லட்சத்துக்குக் குறைவு. நெக்ரில் மணலில் ஒரு நாள் நடந்தால் பத்துப் பேராவது மெல்லக் குரல் கொடுப்பார்கள். வேலையில்லாத இளைஞன், மீன்பிடி ஓய்ந்த படகுக்காரன், மலைக்கிராமத்திலிருந்து வந்த உழவனின் மகன். அவனிடம் ஒரு சுருட்டு வாங்கிய பயணி பிடிபட்டால் சீட்டு. விற்றவன் பிடிபட்டால் சிறை. ஒரே கைமாற்றத்தில் இரு கைகளுக்கும் இவ்வளவு ஏற்றத்தாழ்வான விலை. 2015இன் சீர்திருத்தம் எந்த வகை இளைஞனைக் காப்பாற்ற வந்ததோ, அவனையே பயணியின் தேவை மறுபடி சட்டத்தின் வாயில் நிறுத்துகிறது. உரிமம் இல்லாதவரிடம் வாங்காதே என்ற பாதுகாப்பு விதியை நான் வலியுறுத்துவது இதனால்தான். பொருளின் தூய்மை எனக்கு இரண்டாம்பட்சம்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அது வலுவானதும்கூட. உரிமம் பெற்ற கடையில் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது? உரிமத்துக்கு வேலி, கண்காணிப்புக் கேமரா, நிலப் பட்டா, ஆண்டுக் கட்டணம் என்று கேட்கிறார்கள். வெஸ்ட்மோர்லேண்டின் ஆரஞ்சு ஹில்லிலும் செயின்ட் எலிசபெத் மலைகளிலும் தலைமுறைகளாகப் பயிரிட்டவர்களிடம் பட்டாவே இல்லை. தடைக்காலத்தில் செடிகளை அழிக்க வந்த ஹெலிகாப்டருக்கும் அரிவாளுக்கும் பயந்து விதையைக் காப்பாற்றியவர்கள் இன்று சட்டபூர்வச் சந்தைக்கு வெளியே நிற்கிறார்கள். சட்டம் அனுமதிக்கும் வீட்டுக்கு ஐந்து செடி என்பது தேநீருக்குப் போதும், பிழைப்புக்குப் போதாது. கனமழை, வறட்சி, பெருந்தொற்று மூன்றும் சேர்ந்து தாக்கியதில் பலர் வயலையே கைவிட்டார்கள்; 2021 தொடக்கத்தில் கஞ்சாவுக்குப் பேர்போன தீவில் கஞ்சாத் தட்டுப்பாடு வந்தது. சிறு உழவரை உரிம முறைக்குள் கொண்டுவர அரசு எடுத்த முயற்சிகள், ஆரஞ்சு ஹில்லிலும் அக்காம்பாங் கிராமத்திலும் நடந்தவை உட்பட, மிக மெதுவாகவே நகர்கின்றன.

இருந்தாலும் கடற்கரையில் வாங்குவது அந்த உழவனுக்கு உதவி என்று சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உதவுகிறவர் தன் பங்குக்கும் ஆபத்தை ஏற்கவேண்டும். பயணி எதையும் ஏற்பதில்லை, ஆறாம் நாள் விமானம் ஏறிவிடுகிறார். ஹெர்ப் ஹவுஸில் பொட்டலத்தை எடுக்கும் முன் இது எந்த மாவட்டத்தில் விளைந்தது, யார் பயிரிட்டது, சிறு உழவர்களிடம் வாங்குகிறீர்களா என்று கேளுங்கள். சில கடைகளில் உள்ளவர்களுக்குப் பதில் தெரியும். வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்ல முடியாத கடைகள் மலைக்குப் போய்ச் சிறு உழவரைத் தேடத்தான் வேண்டியிருக்கும்.